எடு, விடு

படிவத்தை மேசைமேல் வை, குமுதா. படித்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி தேவைப்படவில்லை, கேள்வி ஒன்றுதானே. ‘மேற்கண்ட ஆட்டத்தின் இறுதிப் புள்ளியில் தாங்கள் உரக்கச் சொன்ன சொல் எது? அதன் பொருள் யாது?’ அவ்வளவுதான். கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு இறகுப்பந்துச் சங்கத்துக்கு இந்த ஐயம் வந்திருக்கிறது. வரட்டும்.

உன் அம்மா அஞ்சலை அனுப்பினாளா, நீயாக வந்தாயா? நீயாக. நல்லது. மேடானிலிருந்து ஜகார்த்தாவுக்குக் காலையில் விமானம் ஏறி, மாலையே திரும்புகிறாய் என்றால் அவசரம் தெரிகிறது. வியாழக்கிழமை குழு கூடுகிறது. அதற்குள் தாள் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்தால் உன் அம்மாவின் பெயருக்கு எதிரே இருக்கும் ‘வேண்டுமென்றே தோற்றவர்’ என்ற தொடரை அடித்துவிடுவார்கள். சேராவிட்டால் அவள் உயிரோடு இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும். இதை நீ எனக்கு விளக்க வேண்டியதில்லை. தொலைபேசியிலேயே இரண்டு முறை விளக்கிவிட்டாய்.

எழுதித் தருகிறேன். உண்மையைத்தான் எழுதித் தருவேன். அதனால் முதலில் உண்மை என்ன என்று கேட்டுக்கொள். தேநீர் குடி.

நான் எழுத்துத் தமிழில் பேசுகிறேன் என்று உனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது. பாதகமில்லை. மேடானில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் வாயில் இருந்தது, கையில் இல்லை. என் தந்தையார் புகையிலைக் கம்பெனியில் எழுத்தர். மாலையில் கோயில் கூடத்தில் தமிழ் வகுப்பு எடுத்தார். எங்கள் வீட்டில் ‘வந்துச்சு’ என்று சொன்னால் சோறு கிடையாது. ‘வந்தது’ என்று திருத்திச் சொன்ன பிறகே தட்டு வரும். நான் ஒருநாளும் பசியோடு படுத்ததில்லை. அதை நினைவில் வைத்துக்கொள். நான் சொற்களில் தவறு செய்கிறவள் அல்ல.

உன் அம்மா அந்த வகுப்புக்கு நான்கு நாள் வந்தாள். ஐந்தாம் நாள் காணவில்லை. அவளுடைய அப்பா வீடு வீடாகப் பால் ஊற்றுகிறவர். பிள்ளை படிக்கிறதா இல்லையா என்று பார்க்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. என் தந்தையார் என்னைத்தான் அனுப்பினார், ‘போய் அந்தப் பெண்ணை இழுத்து வா’ என்று. கூடத்துக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் ஒரு கயிற்றைக் கட்டி இறகுப்பந்து ஆடிக்கொண்டிருந்தாள். எனக்குப் பதின்மூன்று வயது, அவளுக்குப் பதினொன்று.

“வகுப்புக்கு வா, அப்பா கூப்பிடுகிறார்” என்றேன்.

“ஒரே ஒரு கேம், தவாக்கா. நீ அந்தப் பக்கம் நில்லு. தோத்தா வந்துடறேன்.”

நின்றேன். அந்த ஒரு கேம்தான் பிறகு என் தொழிலாயிற்று. அவள் வகுப்புக்குத் திரும்பவே இல்லை. ஆகவே எழுதப் படிக்கத் தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பாளி அல்ல. அழைக்கப் போனவள் நான்.

இருவரும் இணைந்து மேடான் நகரப் போட்டியை வென்றோம், மாநிலப் போட்டியை வென்றோம். எண்பத்திரண்டில் ஜகார்த்தாவில் தேசியப் பயிற்சி முகாமுக்கு அழைத்தார்கள். தமிழ்ப் பெண்கள் இருவர் முகாமில் நுழைந்தது அதுவே முதல்முறை என்று எங்கள் தெருவில் சொன்னார்கள். அது உண்மையா என்று நான் சரிபார்க்கவில்லை. அங்கே போனதும் என் பெயரை வெட்டிவிட்டார்கள். தவமணி என்பது அவர்கள் வாயில் நிற்கவில்லை, ‘தாவா’ ஆனது. இந்தோனேசிய மொழியில் அதற்குப் பொருள் சிரிப்பு என்று உனக்குத் தெரியும். நான் களத்தில் பல் தெரிய நின்றதில்லை. என்னைப் பார்த்து மூவாயிரம் பேர் ‘சிரிப்பு! சிரிப்பு!’ என்று கூவினார்கள். உன் அம்மாவுக்கு அது பெரிய வேடிக்கை. “தவாக்கா, ஊரே கெஞ்சுது, ஒரு தடவ சிரிச்சுத் தொலையேன்” என்பாள். அடுத்த பந்து போட வேண்டிய நேரத்தில்.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறேன். கவனமாகக் கேள்.

இரட்டையர் ஆட்டத்தில் பெரும்பாலும் ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். நான் வலையருகே, அஞ்சலை பின்கோட்டருகே. அவளுடைய தோளில் வலு இருந்தது, என்னுடைய கால்களில் வேகம் இருந்தது. பின்னால் உயரமாக ஒரு பந்து வருகிறது என்று வைத்துக்கொள். அது கோட்டுக்குள் விழுமா, வெளியே போகுமா? அடிக்கப் போகிறவள் அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கோடு அவளுக்குத் தெரியாது. ஆகவே மற்றவள் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டும். அடிக்கிறவள் கண் பந்தின்மேல், அடிக்காதவள் கண் கோட்டின்மேல். இது நான் வகுத்த முறை. பயிற்சியாளர் பாக் சுகெங்கே இதைப் பிற ஜோடிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். ‘தாவா முறை’ என்பார்.

எல்லோரும் அதற்கு ‘லெபாஸ்’, ‘அம்பில்’ என்று கத்துவார்கள், விட்டுவிடு, எடுத்துக்கொள். எதிரணிக்கும் அது புரியும். பின்னவள் எடுக்கப் போகிறாள் என்று அரை நொடி முன்பே தெரிந்துகொண்டு தயாராகிவிடுவார்கள். நான்தான் யோசித்தேன்: நமக்கென்று ஒரு மொழி இருக்கிறதே. தமிழில் சொல்வோம். இந்த முகாமில் ஒருவருக்கும் விளங்காது.

உன் அம்மா துள்ளிக் குதித்தாள். “சூப்பரு! உடு, எடு. அவ்ளோதான்.”

“உடு என்று ஒரு சொல் இல்லை” என்றேன்.

“ஏன் இல்ல? எங்கப்பா மாட்ட உடுன்னுதான் சொல்லுவாரு. மாடே கேக்குது.”

“உடு என்றால் உடுத்துவது. நட்சத்திரத்துக்கும் உடு என்று பெயர். களத்தில் நின்றுகொண்டு எதை உடுத்தச் சொல்வாய்? விடு. வகரம் வர வேண்டும். விடு, எடு.”

அவள் தலையைச் சொறிந்தாள். “தவாக்கா, உடுன்னா வாய் குவியும். எடுன்னா வாய் விரியும். காதுல உளுவாட்டியும் வித்தியாசம் தெரியும். விடு, எடு ரெண்டும் ஒண்ணுபோல இருக்கு. கூட்டம் கத்துச்சுன்னா ‘டு’ மட்டுந்தான் கேக்கும்.”

“தெளிவாக உச்சரித்தால் கேட்கும்.”

“சரிங்க வாத்தியாரம்மா.”

அப்படித்தான் முடிவாயிற்று. இரண்டு ஆண்டுகள் அந்த இரண்டு சொற்களை வைத்துக்கொண்டு ஆடினோம். ஒருமுறைகூடத் தடுமாற்றம் வந்ததில்லை. ஓரிரு முறை வந்தது. அவை பயிற்சி ஆட்டங்கள். அப்போதும் அவள்தான் தவறாகக் கேட்டாள்.

சாப்பாட்டு மேசையில் லிலிஸ் என்றொரு பெண் கேட்பாள், நீங்கள் கத்துவது என்ன மந்திரமா என்று. பாண்டுங்கிலிருந்து வந்தவள். முகாமில் அவளும் உன் அம்மாவும் ஒரே அறை. “ஆமா, மாரியம்மன் மந்திரம். அதக் கேட்டவங்களுக்கு மூணு நாளுக்கு ஷட்டில் கண்ணுக்குத் தெரியாது” என்பாள் அஞ்சலை. லிலிஸ் பாதி நம்பினாள். எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியை இருவரும் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்து ஒன்றாகத் தின்றார்கள். எதிரணிப் பெண்ணோடு அவ்வளவு நெருக்கம் வேண்டாம் என்று நான் சொன்னேன். பலமுறை சொன்னேன். எதிரணிதான், லிலிஸும் எர்னாவும் எங்களுக்கு அடுத்த ஜோடி. ஒருநாள் எங்களில் ஒரு ஜோடிதான் போக முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்த நாள் எண்பத்து நான்கு மார்ச்சில் வந்தது. வெளிநாட்டுப் போட்டிக்கு ஒரு ஜோடி மட்டும். அரங்கில் தேர்வு ஆட்டம். பொதுமக்களையும் உள்ளே விட்டிருந்தார்கள். எங்களைத் தோலின் நிறத்தைச் சொல்லிக் கத்துகிறவர்களும் வந்திருந்தார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உன் அம்மா அவர்களுக்குக் கையசைத்தாள்.

முதல் ஆட்டம் எங்களுக்கு. இரண்டாவது அவர்களுக்கு. மூன்றாவது ஆட்டம் நீண்டு நீண்டு பதினாறுக்குப் பதினாறு வந்து நின்றது. பதினேழு எடுக்கிறவர்களுக்கு அணியில் இடம். அந்தக் காலத்தில் பந்து போடுகிறவர்களுக்குத்தான் புள்ளி உண்டு. பந்து அவர்கள் கையில் இருந்தது. எர்னா போட்டாள். நான் வலையோரம் தட்டினேன். லிலிஸ் அதைக் குனிந்து எடுத்து உயரமாகப் பின்னால் தூக்கினாள். என் தலைக்கு மேலே போயிற்று. நான் இரண்டடி பின்வாங்கித் திரும்பிப் பார்த்தேன். அஞ்சலை அண்ணாந்தபடி பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். கூட்டம் ஒரே இரைச்சல். நான் சொல்லைச் சொன்னேன்.

விடு என்றேன்.

அவள் அடித்தாள். கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி விழ வேண்டிய பந்தை, உடம்பை வில்லாக வளைத்து, எட்டி அடித்தாள். பின்னால் சாய்ந்து அடித்தால் அடியில் பலம் இருக்குமா? பந்து சோர்ந்து வந்தது. நான் அதற்குள் வலைக்குப் போய்ச் சேர்ந்து மட்டையை உயர்த்திவிட்டேன். என் கால்கள் எப்போதும் ஒரு நொடி முன்னாலேயே இருக்கும். பாக் சுகெங் அதைத்தான் எல்லோருக்கும் காட்டுவார், ‘தாவாவைப் பாருங்கள், பின்னவள் அடிப்பதற்குள் இவள் வலையில் நிற்பாள்’ என்று. எர்னா எனக்கு எட்டாத பக்கம் தள்ளினாள். விரலளவு. என் மட்டைக்கும் பந்துக்கும் இடையே விரலளவு. பதினேழு.

அஞ்சலை கேட்டாள், “உள்ளதானே தவாக்கா விளுந்திருக்கும்?” என்று. எதிரணியோடு கைகுலுக்க வேண்டும், அதுவே முறை. குலுக்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். ஒரு நீள மேசை. மூன்று ஆண்கள். ஓரத்தில் பாக் சுகெங். வெளியே போகிற பந்தை ஏன் அடித்தாள் என்பதுதான் கேள்வி. அரங்கில் இருந்த எல்லோருக்கும் அது வெளியே போவது தெரிந்தது என்றார்கள். லிலிஸும் அவளும் ஒரே அறை, ஒரே தட்டு என்று யாரோ போய்ச் சொல்லியிருந்தார்கள். நான் சொல்லவில்லை. அதைத் தோழிக்காக விட்டுக்கொடுத்தாளா என்று கேட்டார்கள்.

“தவாக்கா எடுன்னு சொன்னாங்க, எடுத்தேன்” என்றாள் அஞ்சலை. இந்தோனேசிய மொழியில்தான் சொன்னாள். அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில்.

“எடு என்றால்?”

“அம்பில்.”

மூவரும் என் பக்கம் திரும்பினார்கள். நீ சொன்ன சொல் எது, எழுதிக் காட்டு என்று தாளைத் தள்ளினார்கள். நான் எழுதினேன். அவள் சொன்னதையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள். ‘விடு’, ‘எடு’, இரண்டும் அவர்கள் எழுத்தில் பக்கம் பக்கமாக. ஒருவர் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பார்த்துச் சிரித்தார். “எனக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த மொழி தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா?” யாரும் இல்லை. அரங்கில் இருந்த மூவாயிரம் பேரில் அந்தச் சொல்லின் பொருள் தெரிந்தவர்கள் இருவர். ஒருத்தி குற்றம் சாட்டப்பட்டவள். மற்றவள் நான்.

இதில் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது வெறும் தடுமாற்றம் என்று முடிவானால் இருவரும் தோற்றவர்கள். இருவரும் மேடானுக்குப் பெட்டி கட்ட வேண்டும், அடுத்த ஆண்டு மீண்டும் வரலாம். அவள் வேண்டுமென்றே செய்தாள் என்று முடிவானால் என்மீது குறை இல்லை. நான் முகாமில் இருக்கலாம். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இருபத்து மூன்று வயது. முட்டாள் அல்ல.

பாக் சுகெங் கேட்டார்: “தாவா, யோசித்துச் சொல். எது?”

யோசிக்க என்ன இருக்கிறது? பந்து வெளியே போயிற்று. வெளியே போகிற பந்துக்கு உரிய சொல் விடு. நான் தவறான சொல்லைச் சொல்கிற பழக்கம் உள்ளவள் அல்ல. ஆகவே விடு என்றேன். அதைத்தான் சொன்னேன். பொருளையும் சொன்னேன்: லெபாஸ்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. “அப்ப எனக்குத் தப்பாக் கேட்டிருக்கும்” என்றாள். தமிழில் சொன்னாள். அவர்களுக்கு அது விளங்கவில்லை, நானும் மொழிபெயர்க்கவில்லை. யாரும் கேட்கவில்லையே.

வாழ்நாள் தடை என்று எழுதினார்கள். வாழ்நாள் முழுவதும் ஆடவோ, பயிற்சியாளர் நாற்காலியில் உட்காரவோ கூடாது. அவ்வளவு கடுமையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஆண்டு என்று நினைத்தேன். அவள் பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது அறை வாசலில் நின்றேன். ஊறுகாய்ப் புட்டியை லிலிஸின் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பயிற்சிக்கு மணி அடித்தார்கள், போய்விட்டேன்.

அதன் பிறகு என் வாழ்க்கை உனக்குத் தெரிந்திருக்கும். எர்னாவுக்கு முழங்கால் போயிற்று. என்னையும் லிலிஸையும் சேர்த்தார்கள். பதினோரு ஆண்டுகள் ஆடினோம். இரண்டு வெள்ளி, நான்கு வெண்கலம், ஒரு தங்கம். அந்தத் தங்கம் எங்கேயோ பெட்டியில் இருக்கிறது. நல்ல ஜோடி நாங்கள். வீண்பேச்சு இல்லை. களத்தில் லெபாஸ், அம்பில். களத்துக்கு வெளியே லிலிஸ் என்னிடம் பேசியதில்லை. பதினோரு ஆண்டில் ஒருமுறை பேசினாள். தங்கம் வாங்கிய அன்று, மேடையிலிருந்து இறங்கும்போது: “அன்றைக்கு அஞ்சலை எனக்கு ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. அவள் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை.” அவ்வளவுதான். நான் பதக்கத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

களத்தில் அதற்குப் பிறகு நான் தமிழ் பேசவில்லை. ஜகார்த்தாவில் தமிழ் பேச ஆளும் இல்லை. உன்னோடு பேசுவதுதான்... எத்தனை ஆண்டு என்று கணக்குப் பார்க்க வேண்டும். பரவாயில்லை, மறக்கவில்லை. வகரம் ஒழுங்காக வருகிறது.

அஞ்சலை எனக்கு ஒரு கடிதம்கூட எழுதவில்லை. எழுதத் தெரியாது என்பது ஒரு காரணமா? யாரிடமாவது சொல்லி எழுதச் சொல்லலாம். அவளுக்குத் திருமணம் ஆனதை யாரோ சொல்லித்தான் அறிந்தேன். லாரி ஓட்டுகிறவர் என்றார்கள். கோயில் கூடத்துக்குப் பின்னால், அதே சிமெண்டுத் தரையில், தெருப் பிள்ளைகளுக்கு ஆட்டம் சொல்லித்தருகிறாள் என்றார்கள். அந்தப் பிள்ளைகள் போட்டிக்குப் போனால் அவள் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும் என்றும் சொன்னார்கள். பள்ளியில் உன்னை ‘ஆட்டத்தை விற்றவள் மகள்’ என்று அழைத்ததாக நீ தொலைபேசியில் சொன்னாய். அது தவறு. விற்றாள் என்று தீர்ப்பில் இல்லை. விட்டுக்கொடுத்தாள் என்றுதான் இருந்தது. பிள்ளைகள் சொற்களில் கவனமாக இருப்பதில்லை.

ஆகவே இதுதான் உண்மை. உன் அம்மா தவறாகக் கேட்டாள். இரைச்சல் அதிகம். அவள் வேண்டுமென்றே செய்யவில்லை என்று நான் எழுதித் தரலாம். அது என் கருத்து. ஆனால் இந்தப் படிவத்தில் கருத்தைக் கேட்கவில்லை. சொல் எது என்று கேட்கிறார்கள். அதற்கு நான்...

என்ன? திரும்பச் சொல்.

“விடுன்னு சொல்லியிருந்தா, நீங்க ஏன் பெரியம்மா வலைக்கு ஓடுனீங்க?”

நீ ஆடினவளா? இல்லை. கோடு பார்க்கிறவளா? மாவட்டப் போட்டிகளில் கோட்டு நடுவராக உட்காருகிறாயா. உன் அம்மாவுக்குக் கிடைக்காத நாற்காலி உனக்காவது கிடைத்ததே. எத்தனை ஆண்டாக? ஒன்பது. அப்படியானால் நிறையக் கால்களைப் பார்த்திருப்பாய்.

தேநீர் ஆறிவிட்டது. வேறு போடச் சொல்லட்டுமா? வேண்டாமா.

ஆமாம். விடு என்று சொன்னவள் ஓட மாட்டாள். நின்று பார்ப்பாள், பந்து எங்கே விழுகிறது என்று. ஓடுவதற்கு என்ன இருக்கிறது, ஆட்டம் அங்கே முடிந்துவிடுமே. எடு என்று சொன்னவள்தான் ஓடுவாள். பின்னவள் அடிக்கப் போகிறாள், பதில் வரும், வலையில் நிற்க வேண்டும்.

அந்த மேசையில் மூன்று ஆண்கள் இருந்தார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. பாக் சுகெங் இருந்தார். எனக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தவர். என் கால்களை எல்லோருக்கும் உதாரணம் காட்டியவர். அவர் கேட்டிருக்க வேண்டும். யோசித்துச் சொல் என்று மட்டும் கேட்டார். இருவரையும் இழப்பதைவிட ஒருத்தியை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் எண்ணியிருப்பார். இறந்துவிட்டார். அவரை இனிக் கேட்க முடியாது.

உள்ளே விழும் என்று நினைத்தேன், குமுதா. அந்த அரங்கில் காற்று பின்னால் இழுக்கும். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. உள்ளே விழும் என்று நினைத்து, அதற்குரிய சொல்லைச் சொல்லி, வலைக்கு ஓடினேன். பிறகு நடுவர் முகத்தையும் கூட்டத்தையும் பார்த்தபோதுதான் வெளியே போயிருக்கும் என்று தெரிந்தது. அன்று இரவு முழுவதும் அந்தப் பந்தை மனத்துக்குள் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது வெளியே போயிற்று, ஒவ்வொரு முறையும் நான் விடு என்றேன். காலையில் மேசைக்குப் போனபோது அந்தச் சொல்தான் வாயில் இருந்தது.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கோடு அவள் காலடியில்தானே இருந்தது? ஒரு சாண் தூரம். நான் வலையருகே நிற்கிறவள். அவள் ஒருமுறை கீழே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தப்பான சொல் காதில் விழுந்தாலும் கண் என்று ஒன்று இருக்கிறதே. அதையும் இதில் எழுதட்டுமா?

என்ன சொல்கிறாய்? அவளே சொன்னாளா? உன்னிடமா? எப்போது?

இன்னொரு முறை சொல். அவள் சொன்னபடியே சொல்.

“தவாக்கா சொன்னா நான் கோட்டப் பாக்க மாட்டேன். அதையும் நானே பாக்கணும்னா அப்புறம் ஜோடி எதுக்கு?”

ம்.

அது என் முறைதான். அடிக்கிறவள் கண் பந்தின்மேல். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் தவறாமல் செய்திருக்கிறாள்.

அந்தத் தாளை இப்படித் தள்ளு. பேனா உன் பக்கத்தில் இருக்கிறது, கொடு. ‘உரக்கச் சொன்ன சொல்’ என்ற இடத்தில் முதலில் தமிழில் எழுதுகிறேன், பிறகு அவர்கள் எழுத்தில். எடு. பொருள், எடுத்துக்கொள். இதற்குக் கீழே ஒன்றரை வரி இடம் இருக்கிறது. ‘சொன்னது என் பிழை. ஆட்டக்காரர் அஞ்சலை சரியாகக் கேட்டார், கேட்டபடி ஆடினார். விசாரணையில் நான் கூறியது உண்மை அன்று.’ வாசிக்க முடிகிறதல்லவா? உரக்க வாசி, எழுத்துப்பிழை இருக்கிறதா பார்ப்போம்.

சரியாக இருக்கிறது.

இதனால் எனக்கு என்ன ஆகும் என்று நீ கவலைப்பட வேண்டாம். பதக்கங்களைத் திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடுவேன். நன்றி சொல்லாதே, எனக்கு அது பிடிக்காது. முகத்தைத் துடைத்துக்கொள். விமானத்துக்கு நேரமாகிறது, இந்த ஊரில் சாலையை நம்ப முடியாது.

என்னைப் பற்றி அவள் வேறு ஏதாவது சொன்னாளா?

முப்பத்தெட்டு ஆண்டில், வேறு ஒன்றும் இல்லையா?

சரி.

கையெழுத்துக்குக் கீழே நாள் குறிக்க வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். இன்று என்ன தேதி?